நெஞ்சைத் தடவிய கை

சேலத்தில் பஸ் ஏறி, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கடந்து, ஏற்காட்டில் இறங்கியதும் உங்களுக்கு முதலில் ஞாபகம் வருவது என்ன? ஏரி, படகு, லேடீஸ் சீட், பக்கோடா பாயின்ட் என்று ஆளுக்கு ஒன்று சொல்வீர்கள். என் பெரியம்மாவைக் கேட்டிருந்தால் ஒரே வார்த்தைதான் சொல்லியிருப்பார்: 'காத்து!'

பெரியப்பா அங்கே ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டர். அவர்களுடைய ஒரே பையனுக்கு, எனக்கு அண்ணன் முறை, கைக்குழந்தையிலிருந்தே இளைப்பு. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொண்டு, நெஞ்சுக்குள் யாரோ விசில் ஊதுவதுபோல மூச்சு விடுவான். கீழே இருந்து வரும் சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே பாட்டுதான் பாடுவார்கள்: "உங்களுக்கென்ன, மலை மேல இருக்கீங்க. இந்தக் காத்துக்கே பையனுக்குச் சரியாயிடும்."

சரியாகவில்லை. அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன். அதற்கு முன்னால் ஒரு கேள்வி. மலைக் காற்று நெஞ்சுக்கு நல்லது என்று நமக்குச் சொல்லிக் கொடுத்தது யார்?

வெள்ளைக்காரர்கள்தான். 1820 முதல் 1829 வரை சேலம் கலெக்டராக இருந்தவர் காக்பர்ன் என்கிற ஸ்காட்லாந்துக்காரர். சேர்வராயன் மலையில் காப்பிச் செடியைக் கொண்டுபோய் வைத்த புண்ணியவான் இவரே. ஏறக்குறைய அதே வருஷங்களில் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் ஊட்டியில் வீடு கட்டிக்கொண்டிருந்தார். இவர்களெல்லாம் மலை ஏறியது குளிருக்காக மட்டுமல்ல. வியாதி என்பதே கெட்ட காற்றிலிருந்துதான் பிறக்கிறது என்று அன்றைய டாக்டர்கள் நம்பினார்கள். 'மலேரியா' என்ற பெயருக்கே இத்தாலிய மொழியில் 'கெட்ட காற்று' என்றுதான் அர்த்தம்! கொசுதான் குற்றவாளி என்று ரொனால்ட் ராஸ் கண்டுபிடித்தது 1897-ல். அதுவரை கெட்ட காற்றுக்கு மருந்து நல்ல காற்று. நல்ல காற்று இருக்கும் இடம் மலை. கணக்கு சுலபம்.

ஆஸ்துமா விஷயத்தில் இந்தக் கணக்கு ஓர் ஊரில் நிஜமாகவே பலித்தது. சுவிட்சர்லாந்தில் உள்ள டாவோஸ். இன்றைக்குப் பணக்காரர்கள் கூடி உலகப் பொருளாதாரம் பேசும் அதே டாவோஸ்தான். ஒரு காலத்தில் அது காசநோய்க்காரர்களின் ஊர். பிறகு ஆஸ்துமாக்காரர்களும் வந்தார்கள். டச்சுக்காரர்கள் தங்கள் நாட்டில் மூச்சுத் திணறும் குழந்தைகளை அங்கே அனுப்பி மாதக்கணக்கில் தங்க வைத்தார்கள். குழந்தைகள் தேறின. ஏன் என்பதற்கான விடை 1960-களில் நெதர்லாந்தின் லைடன் நகரத்தில் கிடைத்தது. வீட்டுத் தூசியில், மெத்தையில், தலையணையில் வாழும் கண்ணுக்குத் தெரியாத உண்ணிதான் பலபேருடைய ஆஸ்துமாவைக் கிளப்பிவிடுகிறது என்று அங்கே ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். இந்த உண்ணி தண்ணீர் குடிக்காது. காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சித்தான் உயிர் வாழும். டாவோஸ் காற்று வறண்ட காற்று. உண்ணிகளுக்கு அங்கே ஜீவனம் நடத்த வழியில்லை.

இப்போது பாருங்கள் வேடிக்கையை. டாவோஸின் உயரம் சுமார் 1,560 மீட்டர். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். கிட்டத்தட்ட ஒரே உயரம்! ஆனால் ஏற்காட்டில் பாதி வருஷம் மூடுபனி வாசல் வரை வந்து நிற்கும். துவைத்துப் போட்ட வேட்டி மூன்று நாள் ஆனாலும் ஈரம் போகாது. பெரியம்மா வீட்டுச் சுவரில் பூஞ்சை படம் வரைந்திருக்கும். தென்னமெரிக்காவில் பொகோட்டா நகரம் 2,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கேயும் ஈரம், அங்கேயும் உண்ணி. ஆக, டாவோஸில் வேலை செய்தது உயரம் இல்லை, வறட்சி. அண்ணன் படுத்திருந்த இலவம்பஞ்சு மெத்தை உண்ணிகளுக்கு சொர்க்கமாக இருந்திருக்கும். அது 1979-ல் எங்களில் யாருக்கும் தெரியாது.

மலை கைவிட்டாலும், மலையில் விளைந்த ஒரு சரக்கு கொஞ்சம் கைகொடுக்கத்தான் செய்தது. காப்பி!

லண்டனில் ஹென்றி ஹைட் சால்டர் என்று ஒரு டாக்டர். அவரே ஆஸ்துமாக்காரர். 1860-ல் ஆஸ்துமாவைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் போட்டார். அனுபவித்தவர் எழுதியது அல்லவா, அத்தனையும் நேரில் பார்த்ததுபோல இருக்கும். இளைப்புக்கு அவர் மிகவும் சிபாரிசு செய்த வீட்டு வைத்தியம், பால் சேர்க்காத கெட்டியான காப்பி. சும்மா சொல்லவில்லை. காப்பியில் இருக்கும் காஃபீனுக்கு மூச்சுக்குழாயைச் சற்றே விரித்துக்கொடுக்கும் குணம் உண்டு. அதன் தம்பிதான் தியோஃபிலின். 1888-ல் தேயிலையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். நம் ஊரில் இளைப்பு வந்த வீடுகளில் எல்லாம் மந்திரம்போல ஒலித்த 'டெரிஃபிலின்' மாத்திரைக்குள் இருப்பது இந்தத் தம்பிதான்.

இன்னொரு சரக்கு நம்ம சென்னையிலிருந்தே போயிருக்கிறது. மதராஸில் கம்பெனியின் தலைமை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன், ஆஸ்துமாவுக்கு ஊமத்தையைப் புகைக்கும் இந்திய வழக்கத்தை ஜெனரல் ஜென்ட் என்பவருக்குச் சொல்லிக்கொடுத்தார். ஜென்ட் அதை 1802-ல் பிரிட்டனுக்குக் கொண்டுபோனார். அடுத்த நூறு வருஷத்துக்கு மேல் ஐரோப்பாவில் ஊமத்தை சிகரெட் அமோகமாக விற்றது! விஷச் செடி, அளவு தப்பினால் புத்தி பேதலிக்கும், உயிரும் போகும். (தயவுசெய்து யாரும் முயற்சி செய்துவிடாதீர்கள்.) ஆனால் அதன் சத்தை ஆராய்ந்த வழியில்தான், 1970-களில் இப்ராட்ரோபியம் என்கிற பாதுகாப்பான உறிஞ்சு மருந்து வந்தது. இன்றும் ஆஸ்பத்திரிகளில் நெபுலைசரில் ஊற்றுகிறார்கள்.

ஆக காற்று, காப்பி, ஊமத்தை மூன்றையும் விஞ்ஞானம் உரித்துப் பார்த்து, உள்ளே இருந்த சரக்கை எடுத்துக்கொண்டது. நாலாவதாக ஒன்று மிச்சம் இருக்கிறது. மற்ற மூன்றையும்விடப் பழையது. காசு கேட்காதது. கை!

மூச்சுத் திணறும் பிள்ளையின் நெஞ்சை எந்தத் தாய்தான் தடவாமல் இருந்திருக்கிறாள்? அதையே வைத்தியமாக எழுதி வைத்தவர்கள் நம்மவர்கள். சரக சம்ஹிதை, சுவாச நோய்க்காரனுக்கு உப்பு கலந்த எண்ணெயை உடம்பில் பூசி, வியர்க்க வைக்கச் சொல்கிறது. மலைப்புதரில் உறைந்த பனி வெயில் பட்டு உருகுகிற மாதிரி உள்ளே கட்டிக்கிடக்கும் கபம் உருகும் என்பது அதன் விளக்கம். நம் சித்த மருத்துவத்தில் இதற்கு 'இரைப்பு நோய்' என்று பெயர். கையால் செய்யும் மருத்துவத்துக்குத் 'தொக்கணம்' என்று பெயர். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், அழுத்தல், இழுத்தல், அசைத்தல் என்று ஒன்பது வகை சொல்கிறார்கள். வெறும் 'மசாஜ்' என்று சொல்லிவிட்டுப் போகிற சமாசாரம் இல்லை அது. 2005-ல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் திறக்கப்பட்டது தாம்பரம் சானடோரியத்தில். அந்தச் சானடோரியமே, 1928-ல் டாக்டர் சௌரி முத்து என்ற தமிழர் காசநோய்க்காரர்களுக்கு நல்ல காற்று வேண்டும் என்று தொடங்கியது. காற்றும் கையும் ஒரே முகவரியில்!

அமெரிக்காவில் இந்தக் கைக்கு வேறு அவதாரம். ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற டாக்டருக்கு 1864-ல் மூளைக்காய்ச்சலில் மூன்று குழந்தைகள் செத்துப்போயின. டாக்டராக இருந்தும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்த வேதனையில் மருந்துகள் மேலேயே அவருக்கு வெறுப்பு வந்துவிட்டது. எலும்பும் தசையும் சரியாக அமர்ந்தால் உடம்பு தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும் என்று 1874-ல் 'ஆஸ்டியோபதி'யை அறிவித்தார். 1895-ல் பால்மர் என்பவர், காது கேட்காத ஒருவரின் முதுகெலும்பைத் தட்டிச் சரிசெய்ததும் காது கேட்டது என்று சொல்லி 'கைரோபிராக்டிக்' கடையைத் திறந்தார். முதுகெலும்பு விலகி நரம்பை அழுத்துவதுதான் வியாதிகளுக்கு வேர் என்பது அவர் கட்சி. அந்தக் கட்சியில் ஆஸ்துமாவும் சேர்ந்துகொண்டது. பிள்ளைகளை இழந்த தகப்பனின் கோபம் எனக்குப் புரிகிறது. முதுகில் தட்டியதும் செவிடு தீர்ந்த கதைதான் தொண்டைக்குள் இறங்க மாட்டேன் என்கிறது.

இப்போது அண்ணன் கதை.

1979, மார்கழி. லீவுக்கு நான் ஏற்காடு போயிருந்தேன். எனக்கு ஒன்பது வயது, அவனுக்குப் பன்னிரண்டு. அன்று சாயங்காலத்திலிருந்தே அவனுக்கு இளைப்பு. பெரியம்மா தேங்காய் எண்ணெயைச் சுடவைத்து, ஒரு துண்டு கற்பூரத்தைப் போட்டு, அவன் நெஞ்சிலும் முதுகிலும் தேய்க்க ஆரம்பித்தார். என்ன பொறுமை! மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே, விலா எலும்பின் ஓரத்தில் கட்டைவிரலால் நீவி... ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்தக் கை நிற்கவே இல்லை.

"இப்ப எப்படி இருக்குது கண்ணு?"

"தேவலாம்மா" என்றான் அண்ணன். முகத்தில் கொஞ்சம் அமைதி. பத்து மணி வாக்கில் அந்த விசில் சத்தமும் அடங்கிவிட்டது. பெரியம்மா நெற்றியில் விபூதி பூசினார். "அப்பாடா, அடங்கிருச்சு" என்று எல்லோரும் படுக்கப் போனோம்.

தற்செயலாகத்தான் எஸ்டேட் டிஸ்பென்சரி கம்பவுண்டர் வேறு வேலையாக வந்தார். பையனைப் பார்த்தார். குனிந்து நெஞ்சில் காதை வைத்தார். அவர் முகம் மாறியது எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது. "சத்தமே இல்லீங்களே... ஜீப்பை எடுங்க!"

மூடுபனியில் அந்த 20 வளைவுகளையும் ஜீப் எப்படி இறங்கியது என்று கேட்காதீர்கள். சேலத்தில் ஒரு டாக்டர் வீட்டுக் கதவைத் தட்டி, அட்ரினலின் ஊசி போட்டு, டெரிஃபிலின் போட்டு, விடிகிற நேரத்தில்தான் அவன் உதட்டு நீலம் மாறியது. டாக்டர் பெரியம்மாவைத் திட்டவில்லை. ஒரே ஒரு விஷயத்தை விளக்கினார். விசில் சத்தம் வரவேண்டுமானால் காற்று கொஞ்சமாவது ஓடவேண்டும். குழாய் ஏறக்குறைய மூடிக்கொண்டால் சத்தம் நின்றுவிடும். நாங்கள் நிம்மதியாகப் படுக்கப்போன அந்த நிமிஷம்தான், அண்ணன் சாவுக்கு மிக அருகில் இருந்த நிமிஷம்.

அப்படியென்றால் அவன் 'தேவலாம்மா' என்றது பொய்யா? பல வருஷம் எனக்கு இந்தக் கேள்வி இருந்தது. அம்மா மனசு நோகக்கூடாது என்று சொல்லியிருப்பானோ? இல்லை, நிஜமாகவே தேவலையாக இருந்தது என்று இன்றைக்கும் சத்தியம் செய்கிறான்.

இதற்கான பதில் அமெரிக்காவில், பாஸ்டனில், 2011-ல் வந்தது. ஆஸ்துமாக்காரர்கள் 39 பேரை வைத்து ஒரு சோதனை. ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு நாட்களில் நாலு விதமான வைத்தியம்: அசல் சால்பியூட்டமால் இன்ஹேலர், மருந்தே இல்லாத டுபாக்கூர் இன்ஹேலர், ஊசி குத்துவதுபோல் பாவனை செய்யும் போலி அக்குபஞ்சர், கடைசியாக ஒன்றுமே செய்யாமல் சும்மா உட்கார வைப்பது. முடிந்ததும் இரண்டு கேள்வி. ஒன்று மெஷினிடம்: ஒரு விநாடியில் எவ்வளவு காற்றை ஊதித் தள்ளுகிறார்? இன்னொன்று ஆளிடம்: எப்படி இருக்கிறது?

மெஷின் சொன்னது: அசல் மருந்துக்கு 20 சதவிகிதம் முன்னேற்றம். மற்ற மூன்றுக்கும் 7 சதவிகிதம்தான், சும்மா உட்கார்ந்தது உள்பட. ஆள் சொன்னது? அசல் மருந்தில் 50 சதவிகிதம் தேவலை. டுபாக்கூர் இன்ஹேலரில் 45. போலி அக்குபஞ்சரில் 46. சும்மா உட்கார்ந்ததில் 21. அதாவது, யாரோ ஒருவர் அக்கறையாகப் பக்கத்தில் நின்று ஏதோ செய்தால், அசல் மருந்துக்குச் சமமாக மனுஷனுக்குத் தேவலை ஆகிறது. மூச்சுக்குழாய் மட்டும் இம்மியும் கூடுதலாகத் திறப்பதில்லை!

பத்திரிகையில் இதைப் படித்தபோது எனக்குக் கற்பூர வாசனை வந்தது.

கை வைத்தியத்தையே நேராகப் பரீட்சை செய்தவர்களும் உண்டு. 1998-ல் கனடாவில், ஆஸ்துமா உள்ள 80 குழந்தைகளின் முதுகெலும்பைப் பாதிப்பேருக்கு அசலாகவும் பாதிப்பேருக்கு ஒப்புக்கும் நாலு மாதம் தட்டிப் பார்த்தார்கள். இரண்டு கோஷ்டியும் வழக்கமான மருந்தை விடவில்லை. இரண்டு கோஷ்டிக்குமே தொந்தரவு குறைந்தது. இரண்டுக்கும் நடுவில் வித்தியாசம்? இல்லை. பால்மர் கட்சிக்கு டெபாசிட் காலி. அதே 1998-ல் மயாமியில் டிஃப்பனி ஃபீல்ட் குழுவினர், தினமும் தூங்கும் முன் 20 நிமிஷம் பெற்றோரையே குழந்தைக்கு உடம்பு பிடித்துவிடச் சொன்னார்கள். ஒரு மாதத்தில் சின்னக் குழந்தைகளுக்குப் பதற்றம் குறைந்தது, மூச்சும் கொஞ்சம் சீரானது. பெரிய பிள்ளைகளுக்கு அவ்வளவு பலன் இல்லை. மொத்தமே 32 குழந்தைகள்தான், ஆகவே இதை வைத்துக்கொண்டு கொடி பிடிக்க முடியாது. 2005-ல் காக்ரேன் அமைப்பு இருக்கிற நல்ல சோதனைகளைச் சல்லடை போட்டபோது மூன்றுதான் தேறின, மொத்தம் 156 பேர். கை வைத்தியம் ஆஸ்துமாவுக்கு உதவுகிறது என்று சொல்ல ஆதாரம் போதாது என்று எழுதிவிட்டார்கள்.

இது பெரியம்மாவின் கைக்குக் கிடைத்த தோல்வியா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. இளைப்பு வந்தவனுக்குப் பயம் வரும். பயந்தால் மூச்சு இன்னும் வேகமாகும். கழுத்தும் தோளும் இறுகும். அந்தப் பயத்தையும் இறுக்கத்தையும் கை குறைக்கிறது. சுருங்கிய குழாயும் அதன் உள்ளே வீங்கிய சவ்வும் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கின்றன. குழாயைத் திறக்க சால்பியூட்டமால், அது 1969-லேயே வந்துவிட்டது. வீக்கத்தை வடியவைக்க ஸ்டீராய்டு இன்ஹேலர், அது 1972-ல். 1979-ல் இரண்டுமே உலகத்தில் இருந்தன. ஏற்காட்டு எஸ்டேட்டில்தான் இல்லை. இன்றைக்கு மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கிறது, இருந்தும் "இன்ஹேலர் போட்டா பழகிடும், பொம்பளப் புள்ளைக்கு வெளியில தெரிஞ்சா என்னாகும்" என்று ஒளித்து வைக்கிறார்களே, அதுதான் எனக்கு ஆத்திரம். திடீர்த் திணறலுக்கு மட்டும் ஒரு பஃப் அடித்துவிட்டு மற்ற நாட்களில் சும்மா இருப்பதும் ஆபத்து என்று 2019 முதல் உலக அளவில் வழிகாட்டு முறையையே மாற்றிவிட்டார்கள். வீக்கத்துக்கான மருந்தும் கூடவே வேண்டும்.

தடவுவதிலும் சில விஷயம் உண்டு. இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குக் கற்பூரம் ஆகாது. தோல் வழியே போனாலும் விஷம்தான். மூக்கில் எண்ணெய் விட்டு ஊதுகிற பழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. அந்த எண்ணெய் நுரையீரலில் இறங்கி நிமோனியா ஆக்கிவிடும். திணறல் முற்றிய நேரத்தில் முதுகைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது, ஜீப்பை எடுக்க வேண்டிய நேரத்தைத் தின்றுவிடும்.

அண்ணன் இப்போது சேலத்தில் இருக்கிறான். அறுபதை நெருங்கிவிட்டான். சட்டைப்பையில் பேனாவுக்குப் பக்கத்தில் ஒரு இன்ஹேலர், வீட்டில் காலைக்கும் ராத்திரிக்கும் இன்னொன்று. போன தீபாவளிக்கு நான் போயிருந்தபோது அவன் பேரனுக்கு இளைப்பு. ஒன்றரை வயசு. பட்டாசுப் புகை. அண்ணன் பதறவே இல்லை. டாக்டர் எழுதிக்கொடுத்தபடி ஸ்பேசரில் மருந்தைப் பொருத்தி, முகமூடியைக் குழந்தை முகத்தில் வைத்து, ஒவ்வொரு மூச்சாக எண்ணினான். கடிகாரத்தைப் பார்த்தான். குழந்தையின் விலா உள்ளே குழிகிறதா என்று சட்டையைத் தூக்கிப் பார்த்தான். நெஞ்சில் காதை வைத்து ரொம்ப நேரம் கேட்டான்.

அப்புறம் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தான். அண்ணி எண்ணெய்க் கிண்ணத்தைச் சுடவைத்துக் கொண்டுவந்தார். கற்பூரம் போடவில்லை.